வியட்நாம் தேர்தல்: முடிவு தெரிந்த பிறகும் வாக்குப்பதிவு எதற்கு?

24 மே 2021, காலை (ஒரு வாசகரின் கேள்வி)

நேற்று வியட்நாமில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்திருக்கிறது. கம்யூனிஸ்ட் கட்சி என்ற ஒரே கட்சி, எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லவே இல்லை. வாக்குப்பதிவு 99 சதவீதத்தை நெருங்குகிறதாம். இது வெறும் நாடகம். கொரோனா நேரத்தில் கோடிக்கணக்கான மக்களை வரிசையில் நிறுத்துவதற்குப் பதில், பட்டியலை நேரடியாக அறிவித்துவிடலாமே? யாராவது விளக்குங்கள்.

24 மே 2021, இரவு

நாடகம் என்பதை நான் ஏற்கவில்லை. நான் ஹனோயில் வேலை பார்க்கிறேன். 2016 தேர்தலின்போதும் இங்கேதான் இருந்தேன். வெளிநாட்டவன் என்பதால் வாக்குச்சாவடிக்குள் போக முடியாது. ஆனால் தெருவில் நடப்பதைப் பார்க்கலாம், வீட்டுக்கார அம்மாவிடம் கேட்கலாம், சுவரில் ஒட்டியிருப்பதைப் படிக்கலாம்.

ஒரு மாதமாகவே வார்டு ஒலிபெருக்கி காலையில் தேர்தலைப் பற்றித்தான் பேசியது. தெருவெங்கும் சிவப்புப் பதாகைகள்: வாக்களிப்பது குடிமகனின் உரிமை, கடமை. வார்டு அலுவலகச் சுவரில் வாக்காளர் பட்டியல், அதன் பக்கத்தில் வேட்பாளர்களின் படமும் வாழ்க்கைக் குறிப்பும். பிறந்த ஊர், படிப்பு, பதவி, கட்சியில் சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். இவர் அவரிடமிருந்து எதில் வேறுபடுகிறார் என்பதற்கு ஒரு வரி இருக்காது. தானே ஊர்வலம் போய், கூட்டம் போட்டு வாக்குக் கேட்க வேட்பாளருக்கு வழியில்லை. அதிகாரிகள் ஏற்பாடு செய்யும் வாக்காளர் சந்திப்பில் பேசுவார், அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டு நம் ஆட்கள் பலருக்குப் புதிதாக இருக்கும். சின்னம் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. வேண்டியவருக்குக் குத்துவதில்லை, வேண்டாதவரின் பெயர்மேல் கோடு போட்டு அடிக்க வேண்டும். மூன்று இடமுள்ள தொகுதியில் ஐந்து பெயர் இருந்தால் குறைந்தது இரண்டு பெயரை அடித்தே ஆக வேண்டும். இந்தத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டு, நகர மன்றத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் தனித்தனிச் சீட்டுகள் இருந்தன.

நேற்று வீட்டுக்கார அம்மா முகக்கவசத்தோடு காலையிலேயே கிளம்பிவிட்டார். கணவர், இரண்டு பிள்ளைகள், மருமகள் எல்லாருடைய வாக்காளர் அட்டைகளும் அவர் கையில். அரைமணி நேரத்தில் திரும்பினார். எல்லா அட்டையிலும் "வாக்களித்தாயிற்று" என்ற முத்திரை. "யாரை அடித்தீர்கள்?" என்று கேட்டேன். "வயதில் சின்னவர்களை" என்றார். "ஏன்?" என்றதற்கு, "பெரிய பதவியில் இருப்பவரை அடித்து என்ன ஆகப்போகிறது?" என்றார்.

அந்தப் பதிலை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டியலைப் படித்து, யார் வென்றாக வேண்டியவர், யார் தோற்பதற்காக வந்தவர் என்று அவராகவே கணித்துவிட்டார். அந்தக் கணிப்பு சரியாக வரும்படி பட்டியலைத் தயாரிக்க ஒரு பெரிய நிர்வாக இயந்திரமே மாதக்கணக்கில் உழைத்திருக்கிறது. வெறும் நாடகத்துக்கு இவ்வளவு கவலைப்பட மாட்டார்கள் என்பதுதான் என் வாதம்.

25 மே 2021

ஒரு சின்னக் கணக்கு. மொத்த இடங்கள் 500. தொகுதிகள் 184. ஒரு தொகுதிக்கு அதிகபட்சம் 3 இடங்கள். இடங்களைவிடக் குறைந்தது 2 வேட்பாளர்கள் கூடுதலாக நிற்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம். ஏப்ரல் கடைசியில் வெளியான அதிகாரபூர்வப் பட்டியலில் 868 பேர்.

184ஐ 2ஆல் பெருக்குங்கள், 368. அதோடு 500ஐக் கூட்டுங்கள், 868.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்துக்கு மேல் நாடு முழுவதிலும் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை. போட்டி என்பது இங்கே தொகுதிக்கு இரண்டு பேர் என்று அளந்து கொடுக்கப்படுகிறது.

26 மே 2021

அந்த இரண்டு பேர் யார் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு ஊர் மாறும். பொதுவாக ஒரு அமைச்சரோ மாகாணத் தலைவரோ நிற்கும் தொகுதியில் கூடவே ஒரு இளம் பள்ளி ஆசிரியை, கிராமச் சுகாதார நிலைய மருத்துவர், மகளிர் சங்கப் பொறுப்பாளர் என்று இருப்பார்கள். ஒருவரே பெண், இளையவர், சிறுபான்மை இனத்தவர், கட்சியில் சேராதவர் என்று நான்கு ஒதுக்கீட்டுக் கட்டங்களையும் நிரப்பிவிடுவதும் உண்டு. "பச்சைப் படை" என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள், போர்ப் பயிற்சியில் தோற்க வேண்டிய அணி.

அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பலர் நல்ல தகுதி உள்ளவர்கள். தன் படம் சுவரில் ஒட்டப்பட்டு, தெருவே பார்க்க, தோற்பதற்கென்றே நிற்பது சுகமான அனுபவம் இல்லை.

28 மே 2021

"சீனாவிலும் இதே முறைதானே" என்று எழுதிய நண்பருக்கு: இல்லை. சீனாவில் மக்கள் நேரடியாக வாக்களிப்பது மாவட்டம், சிற்றூர் அளவிலான மக்கள் பேரவைகளுக்கு மட்டும். அந்தப் பேரவைகள் மேல்நிலைப் பேரவையைத் தேர்ந்தெடுக்கும். இப்படிப் படிப்படியாக ஏறித்தான் ஏறத்தாழ 3000 பேர் கொண்ட தேசிய மக்கள் பேரவை உருவாகிறது. பெய்ஜிங்கில் இருக்கும் சாதாரணக் குடிமகன் தேசியப் பேரவைக்கு ஒரு சீட்டும் போட்டிருக்க மாட்டார். வியட்நாமில் வாக்கு நேரடியானது.

கியூபாவிலும் நேரடி வாக்குதான். ஆனால் 2018இல் 605 இடங்களுக்கு 605 பேர்தான் நின்றார்கள். லாவோஸில் இந்த ஆண்டு பிப்ரவரியில் 164 இடங்களுக்கு 224 பேர். எல்லாவற்றையும் "கம்யூனிஸ்ட் தேர்தல்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் வேறுபாடுகள் கண்ணில் படாது.

30 மே 2021

இன்றைக்கு நீளமாக எழுதுகிறேன். இந்த விஷயத்தில் இதுதான் முக்கியம்.

சட்டப்படி வியட்நாமில் 21 வயது நிரம்பிய எவரும் தானாக வேட்புமனு கொடுக்கலாம். கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. அந்த மனு வாக்குச்சீட்டு வரை போய்ச் சேர மூன்று சுற்றுக் கலந்தாய்வைத் தாண்ட வேண்டும். நடத்துவது தாயக முன்னணி. கட்சி, தொழிற்சங்கம், மகளிர் சங்கம், விவசாயிகள் சங்கம் எல்லாம் அதன் குடைக்குள் அடக்கம். முதல் சுற்றில் எந்த அமைப்புக்கு எத்தனை பேர் என்று பங்கு பிரிப்பார்கள். இரண்டாவதில் முதற்கட்டப் பட்டியல். மூன்றாவதில் இறுதிப் பட்டியல். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், வேட்பாளர் குடியிருக்கும் இடத்தில் வாக்காளர் கூட்டம் ஒன்று நடக்கும். அக்கம்பக்கத்தவர்கள் கூடி, இவர் தகுதியானவர்தானா என்று கருத்துச் சொல்லி வாக்களிப்பார்கள். பாதிக்குமேல் ஆதரவு கிடைக்காவிட்டால் பட்டியலில் பெயர் நிற்காது.

கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? தெருவாரைத் தவிர ஒருவரை நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் அந்தக் கூட்டத்துக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்வது வார்டு நிர்வாகம்.

2016இல் 162 பேர் தாமாக மனு கொடுத்தார்கள். வாக்குச்சீட்டில் பெயர் வந்தது 11 பேருக்கு. வென்றவர்கள் 2 பேர். உதிர்ந்தவர்களில் ஒருவர் பொருளாதார அறிஞர் நுயென் குவாங் ஆ. ஹனோயில் அவருடைய குடியிருப்புக் கூட்டத்தில் பெரும்பான்மையினர் எதிராக வாக்களித்தார்கள். பாடகி மாய் கோய் அந்த வடிகட்டலைத் தாண்டவில்லை. அப்போது என்னோடு வேலை பார்த்த உள்ளூர் நண்பர் ஒருவர், எங்கள் பகுதியில் நடந்த ஒரு கூட்டத்துக்குத் தன் தாயார் அழைக்கப்பட்டதைச் சொன்னார். வேட்பாளரை அந்த அம்மாவுக்கு முன்பின் தெரியாது. "அவர் கொடி நாட்களில் கொடி ஏற்றுவதில்லை, தெருக்கூட்டங்களுக்கு வருவதில்லை" என்று ஒருவர் எழுந்து சொன்னாராம். அடுத்தவரும் அதையே சொன்னாராம். அந்தத் தாயாரும் கை தூக்கிவிட்டு வந்துவிட்டார். இரவெல்லாம் தூங்கவில்லை என்று நண்பர் சொன்னபோது எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

இந்த ஆண்டு நிலைமை இன்னும் கடுமை. தானாகப் போட்டியிட முயன்ற லே ட்ரோங் ஹுங் மார்ச் 27 அன்று ஹனோயில் கைது செய்யப்பட்டார். அரசியல் சட்டத்தின் பிரதிகளை மக்களுக்குக் கொடுத்துவந்தவர் அவர். தேர்தலில் நிற்க விரும்பிய ட்ரான் குவோக் கானும் அதே மாதம் கைதானார். குற்றச்சாட்டு அரசுக்கு எதிரான பிரசாரம்.

ஹங்கேரியின் நினைவு வருகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் குறைந்தது இரண்டு வேட்பாளர்கள் இருக்க வேண்டும் என்று 1983இல் அங்கே சட்டம் மாற்றினார்கள். 1985 தேர்தலில் வேட்பாளரை முன்மொழியும் பொதுக்கூட்டத்தில் எந்தக் குடிமகனும் பெயர் சொல்லலாம். புடாபெஸ்டில் கட்டடக் கலைஞர் லாஸ்லோ ராய்க் போன்ற மாற்றுக் கருத்தாளர்கள் முயன்றார்கள். கட்சி ஆட்கள் முன்கூட்டியே வந்து அரங்கை நிரப்பிவிட்டார்கள். ஹனோயின் குடியிருப்புக் கூட்டத்திலும் இதே உத்திதான். ஒரு வித்தியாசம், ஹங்கேரியில் அப்படியும் சில பத்துச் சுயேச்சைகள் உள்ளே வந்துவிட்டார்கள்.

2 ஜூன் 2021

"அடித்தால் மட்டும் என்ன ஆகிவிடும்" என்று கேள்வியாளர் மறுபடி கேட்டிருக்கிறார். என்ன ஆகும் என்பதற்கு 1989 சாட்சி.

மார்ச் 26, 1989. சோவியத் ஒன்றியத்தில் மக்கள் பிரதிநிதிகள் காங்கிரசுக்குத் தேர்தல். 2250 இடங்களில் 1500 நேரடி வாக்குக்கு, 750 கட்சிக்கும் பொது அமைப்புகளுக்கும் ஒதுக்கீடு. லெனின்கிராட் மாகாணக் கட்சிச் செயலாளர் யூரி சோலவ்யோவ், கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் மாற்று உறுப்பினர். எதிர்த்து நிற்க ஆளே இல்லை. சீட்டில் அவர் பெயர் மட்டும். பாதிக்குமேல் மக்கள் அந்த ஒற்றைப் பெயரை அடித்துவிட்டார்கள். தனியாக ஓடி அவர் தோற்றார்.

அடுத்தது போலந்து, அதே ஆண்டு ஜூன் 4. ஆட்சியும் எதிர்த்தரப்பும் நடத்திய வட்டமேசைப் பேச்சில் எட்டிய உடன்பாட்டின்படி கீழவையின் 460 இடங்களில் 65 சதவீதம் ஆளும் தரப்புக்கு. 161 இடங்களிலும், புதிதாக உருவான 100 இடங்கள் கொண்ட மேலவையிலும் மட்டும் உண்மையான போட்டி. எதிர்த்தரப்புத் தொழிற்சங்கமான சாலிடாரிட்டி அந்த 161ஐயும் வென்றது. முதல் சுற்றில் இல்லாவிட்டால் இரண்டாம் சுற்றில். மேலவையில் 99. இதெல்லாம் பலருக்குத் தெரியும். நான் சொல்ல வந்தது "தேசியப் பட்டியல்" பற்றி. ஆட்சியின் பெருந்தலைகள் 35 பேரை, தொகுதிச் சிக்கலே வேண்டாம் என்று, போட்டியற்ற தனிப் பட்டியலில் போட்டார்கள். பாதிக்குமேல் வாக்கு கிடைத்தால் போதும். போலந்துக்காரர்கள் சீட்டை வாங்கினார்கள், மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டார்கள். 35 பேரில் 33 பேர் தோற்றார்கள். தப்பிய இருவரில் ஒருவரின் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தது. கோடு அதுவரை எட்டாததால் பிழைத்தார் என்று அங்கே சொல்வார்கள். தோற்றால் என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதவே இல்லை. இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் விதியை மாற்றித்தான் அந்த 33 இடங்களை நிரப்பினார்கள். ஆகஸ்டில் சாலிடாரிட்டியின் மசோவியெட்ஸ்கி பிரதமர்.

3 ஜூன் 2021

நேற்று எழுதியதை இரவு மறுபடி யோசித்தேன். போலந்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், வியட்நாம் மக்களும் மனசு வைத்தால் அப்படிச் செய்துவிடலாம், அவர்கள்தான் செய்யவில்லை என்று ஒரு பழி விழும். அது நியாயமே இல்லை.

வியட்நாம் சட்டத்தில் எல்லாப் பெயரையும் அடித்த சீட்டு செல்லாது. இடங்களின் எண்ணிக்கைக்கு மேல் பெயர்களை விட்டுவைத்தாலும் செல்லாது. புதிதாக ஒரு பெயரை எழுதினாலும் செல்லாது. வெற்றிக்குத் தேவையான "பாதிக்குமேல்" என்பது செல்லுபடியான வாக்குகளில் பாதி. போலந்தில் முழுக்க அடித்த சீட்டும் செல்லுபடியான எதிர்வாக்காக எண்ணப்பட்டது. இங்கே அது குப்பைக்குப் போகும். ஐந்து பேரையும் வேண்டாம் என்று சொல்ல வாக்காளருக்கு வழியே இல்லை. ஐவரில் யார் வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கையில்.

போலந்தில் சாலிடாரிட்டி என்ற அமைப்பு இருந்தது, அதற்குச் செய்தித்தாள் இருந்தது, எந்தப் பெயரை அடிப்பது என்று மக்களுக்குச் சொல்ல ஆள் இருந்தார்கள். லெனின்கிராடில் அந்த வசந்தத்தில் மக்கள் பயமில்லாமல் பேசிக்கொண்டார்கள். தனித்தனியே சாவடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே பெயரை அடிக்க வேண்டுமானால் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்க வேண்டும்.

11 ஜூன் 2021

முடிவு நேற்று வந்துவிட்டது. 499 பேர் தேர்வு. மத்திய அமைப்புகள் நிறுத்தியவர்கள் 194, மாகாணங்கள் நிறுத்தியவர்கள் 301, தாமாக நின்றவர்கள் 4. பெண்கள் 151. சிறுபான்மை இனத்தவர் 89. கட்சியில் இல்லாதவர்கள் 14. வாக்குப்பதிவு 99.60 சதவீதம்.

சென்ற தடவை கட்சியில் சேராதவர்கள் 21 பேர் இருந்தார்கள். இப்போது 14. எனக்கு இந்த எண்தான் உறுத்துகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 2016இல் வென்ற 496 பேரில் இருவரைத் தேசியத் தேர்தல் மன்றம் பிறகு ஏற்கவில்லை. ஒருவர் 'ட்ரின் சுவான் தான்' என்பவர். சொகுசுக் காருக்கு அரசு எண்பலகை மாட்டி ஓட்டியதில் தொடங்கிய விவகாரம் அவரை விழுங்கியது. மற்றவர் நுயென் தி நுயெட் ஹுவோங், மால்டா குடியுரிமையும் வைத்திருந்தவர். இருவரும் வாக்காளர் முன் நின்றபோது இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு எதிர்வேட்பாளரோ சுதந்திரப் பத்திரிகையோ இருந்திருந்தால் விஷயம் சாவடியிலேயே தீர்ந்திருக்கும். வாக்குப்பதிவுக்கு முன்பும் வடிகட்டுகிறார்கள், பின்பும் வடிகட்டுகிறார்கள்.

13 ஜூன் 2021

99.60 பற்றி விவாதம் சூடாகிவிட்டது. "பொய்க் கணக்கு" என்கிறார் ஒருவர், "மக்களின் ஆர்வம்" என்கிறார் இன்னொருவர். நான் தெருவில் பார்த்தது வேறு. வீட்டுக்கார அம்மா ஐந்து அட்டையையும் எடுத்துப் போனதை மேலே எழுதியிருக்கிறேன். சட்டப்படி அது கூடாது. ஒவ்வொருவரும் நேரில் வர வேண்டும். நடைமுறையில் வீட்டுக்கு ஒருவர் போவது பரவலான வழக்கம். மாலைக்குள் தெருவின் பட்டியல் முடிந்துவிட வேண்டும் என்பது குடியிருப்புப் பொறுப்பாளரின் கவலை. வராதவர் வீட்டுக்கு வந்து கூப்பிடுவார். இங்கே யாரும் துப்பாக்கி காட்டுவதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து "உங்கள் வீடு மட்டும்தான் பாக்கி" என்று சொன்னால் யாரால் மறுக்க முடியும்? அவரிடம்தான் நாளைக்குக் குடியிருப்புச் சான்று வாங்கப் போக வேண்டும்.

27 ஜூலை 2021

நேற்று புதிய பேரவை, அதாவது வியட்நாம் நாடாளுமன்றம், நுயென் சுவான் ஃபுக்கைக் குடியரசுத் தலைவராகவும், ஃபாம் மின் சின்னைப் பிரதமராகவும் தேர்ந்தெடுத்தது. போன வாரம் வுவோங் டின் ஹுவே பேரவைத் தலைவர். இதே மூவரையும் இதே பதவிகளுக்குப் பழைய பேரவை மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும், அதாவது தேர்தலுக்கு முன்பே, தேர்ந்தெடுத்தாயிற்று. அதற்கும் முன்பே, பிப்ரவரி 1 அன்று, கட்சியின் 13ஆவது மாநாடு முடிந்திருந்தது.

2 ஜனவரி 2022

லே ட்ரோங் ஹுங்குக்கு டிசம்பர் 31 அன்று ஹனோய் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்திருக்கிறது.

3 மார்ச் 2023

ஃபுக் ஜனவரியில் பதவி விலகினார். நேற்று வோ வான் துவோங் குடியரசுத் தலைவர். 488 வாக்குகளில் 487 ஆதரவு. அந்த ஒற்றை வாக்கு யாருடையது என்று இங்கே தேநீர்க் கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

1 டிசம்பர் 2024

நீண்ட இடைவெளிக்குப் பின் இந்த இழைக்கு வருகிறேன். துவோங்கும் போய்விட்டார், பேரவைத் தலைவர் ஹுவேயும் போய்விட்டார். கட்சியின் மத்தியக் குழு முடிவெடுத்த பிறகு பேரவை கூடி விடுவித்தது. ஃபுக்கையும் சேர்த்து மூவரும் மக்கள் வாக்கில் வந்த உறுப்பினர்கள்; அந்த மக்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் பேரவை வெறும் கைதூக்கி மன்றம் என்று எழுதியவருக்கு ஒரு செய்தி. பழைய வரலாறு ஒன்று உண்டு. 2010 ஜூன் 19 அன்று, அரசு கொண்டுவந்த ஹனோய் - ஹோ சி மின் நகர அதிவேக ரயில் திட்டத்தை இதே பேரவை நிராகரித்தது. மதிப்பு ஏறத்தாழ 5600 கோடி டாலர். கடன் சுமையைச் சுட்டிக்காட்டி உறுப்பினர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். கேள்வி நேரம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகும். அமைச்சர்கள் திணறுவதை நானே தேநீர்க் கடையில் பார்த்திருக்கிறேன். நேற்று, 2024 நவம்பர் 30 அன்று, அதே ரயில் திட்டம் 6700 கோடி டாலரில் நிறைவேறிவிட்டது. 1541 கிலோமீட்டர், மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம்.

2010இல் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? மாகாணங்களிலிருந்து வந்த உறுப்பினர்களிடமிருந்தும், படித்த சில தனி மனிதர்களிடமிருந்தும். எனவேதான் எனக்கு வேட்பாளர் பட்டியல்மேல் இவ்வளவு ஆத்திரம். அளந்து கொடுத்த அந்த இடத்துக்குள்ளும் துணிச்சலான ஒருவர் நுழைந்தால் வித்தியாசம் உண்டாகிறது. நுழையவிடாமல் செய்வதற்குத்தான் மூன்று சுற்று.

9 நவம்பர் 2025

இழையைத் தொடங்கிய வாசகர் தனிச் செய்தியில் கேட்டார்: அடுத்த தேர்தலைத் தொடர்ந்து கவனிக்க விரும்புகிறேன், எங்கே பார்ப்பது? பேரவையின் காலத்தைக் குறைத்து, 2026 மார்ச் 15க்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த நாளின் படங்களைப் பார்த்துப் பயனில்லை. சிவப்புப் பதாகையும் முத்திரையும் அதேபோல் இருக்கும். இரண்டாம் சுற்றுக் கலந்தாய்வின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்று முடிந்ததும் வரும் பட்டியலோடு ஒப்பிடுங்கள். தாமாக மனு கொடுத்தவர்களில் யார் பெயர் காணாமல் போனது, அவர் எந்த வார்டில் குடியிருக்கிறார் என்று தேடுங்கள். பிறகு தொகுதிப் பங்கீட்டைப் பாருங்கள்: எந்த அமைச்சரை எந்த மாகாணத்தில், யாரோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள் என்று. நானும் இங்கிருந்து பார்த்து, தெரிந்ததை இதே இழையில் எழுதுகிறேன்.